கொத்துக்கறியைக் கண் முன்னால் அரைத்துத் தரச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மதுரையில் வீட்டில் இருந்தபடியே சமையல் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். காதுகுத்து, மொட்டை, வளைகாப்பு என்று எந்த விசேஷத்துக்கு ஆள் வந்தாலும் முதலில் கேட்பது மட்டன் கோலா உருண்டைதான். பதினைந்து வருஷமாகக் கொத்துக்கறியோடு புழங்குகிறேன். கிலோவுக்கு எத்தனை உருண்டை வரும், பொட்டுக்கடலை எவ்வளவு போட்டால் எண்ணெயில் உடையாமல் நிற்கும் என்பதெல்லாம் கை அளவிலேயே தெரியும். ஆனால் அந்தக் கறி எவ்வளவு சீக்கிரம் ஆபத்தாக மாறும் என்பது போன வருஷம் ஒரு காதுகுத்து முடிந்த மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

விசேஷம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலையில் கறிக்கடையில் நின்று வாங்கி, அரைத்து, உருட்டிப் பொரித்துப் பதினோரு மணிக்கு மண்டபத்தில் கொண்டுபோய் இறக்குவது நடக்காத காரியம் என்று சனிக்கிழமை சாயங்காலமே ஐந்து கிலோ வாங்கிவிட்டேன். கடையில் ஏற்கெனவே அரைத்து ஒரு தட்டில் குவித்து வைத்திருந்தார்கள். மூன்று கிலோ அதிலிருந்தே அள்ளிப் போட்டார்கள், மீதியை அப்போது மிஷினில் விட்டு எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அப்படியே ஒரு பெரிய பாத்திரத்தில் அமுக்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன். திங்கட்கிழமை காலையில் போன் வந்தது, நான்கு பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று. அதில் ஒரு சின்னப் பிள்ளைக்கு இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்ற வேண்டி வந்தது. யாரும் எதையும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, அதனால் என் கோலாவால்தான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இல்லை என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய் அதன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அங்கே டாக்டர் என்னிடம் கேட்டது, கறியை அரைத்து எத்தனை மணி நேரம் கழித்து வேக வைத்தீர்கள் என்றுதான். நான் அதற்குப் பதில் சொல்லாமல், கறி நல்ல கறி, வாடையே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாக, கறியை நாற வைக்கிற கிருமி வேறு, ஆளைப் படுக்க வைக்கிற கிருமி வேறு, இரண்டாவது வகை எவ்வளவு இருந்தாலும் நிறமும் மணமும் மாறாமலே இருக்கலாம் என்றார். பதினைந்து வருஷமாக நான் கறியை முகர்ந்து பார்த்துத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்குப் போனேன், கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஆரோக்கியமான ஆட்டின் தசைக்குள்ளே பொதுவாகக் கிருமி இருக்காது. தோலை உரிக்கும்போதும் குடலை எடுக்கும்போதும் கை, கத்தி, தண்ணீர் வழியாகக் கறியின் மேல்பக்கத்தில்தான் ஒட்டுகிறது. துண்டுக்கறியாக வாங்கிக் குழம்பில் போட்டால் அந்த மேல்பக்கம்தான் முதலில் கொதிக்கிறது, கிருமி செத்துப்போகிறது. அதே துண்டை அரைத்தால் மேலே இருந்தது அத்தனையும் உள்ளே போய்க் கலந்துவிடும். கறி நசுங்கிச் சாறு வெளியே வரும், மிஷின் சுற்றுகிற உரசலில் சூடும் ஏறும். கிருமி வளர ஈரம், சத்து, சூடு மூன்றும் வேண்டும், மூன்றையும் நாமே சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். வீட்டில் கொத்துக்கறியை வடிதட்டில் போட்டுக் கழுவுகிறோமே, அது உள்ளே கலந்த கிருமியை எடுக்காது, சிங்க்கிலும் பக்கத்தில் இருக்கும் காய்கறியிலும் தெறிக்க விடுவதுதான் மிச்சம். மஞ்சள்தூள் போட்டுப் பிசறி வைத்தால் போதும் என்று என் அம்மாவும் சொல்வார், நானும் நம்பினேன். மஞ்சள் நல்ல பொருள்தான், ஆனால் தீயின் வேலையை அது செய்யாது.

இன்னொரு கணக்கும் அந்த வகுப்பில்தான் தெரிந்தது. நம் உடம்புச் சூட்டை ஒட்டிய வெப்பத்தில் ஈ.கோலி போன்ற கிருமி சுமார் 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். காலை 5 மணிக்கு அரைத்துத் தட்டில் வைத்த கறியில் 100 கிருமி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், 9 மணிக்குள் அது 4 லட்சத்தைத் தாண்டிவிடும். சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உணவை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் வைக்காதே என்றுதான் பயிற்சியில் சொல்கிறார்கள், நம் கடைத் தட்டு காலையிலிருந்து மதியம் வரை சரியாக அந்த நடுவில்தான் இருக்கிறது. நான் ஐந்து கிலோவைக் கட்டியாக ஃப்ரிட்ஜில் வைத்தேனே, அதுவும் தப்புதான். வெளிப்பக்கம் குளிர்ந்தாலும் அவ்வளவு பெரிய கட்டியின் நடுப்பகுதி குளிர மணிக்கணக்காகும், அதுவரை உள்ளே வளர்ச்சி நடந்துகொண்டேதான் இருந்திருக்கும். இப்போது அரைக்கிலோ அரைக்கிலோவாகத் தட்டையாகப் பரப்பித்தான் வைக்கிறேன்.

இப்போது மிஷின் விஷயத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதமே அதற்காகத்தான். முன்பெல்லாம் கொத்துக்கறி என்றால் புளியமரக் கட்டையில் வைத்துக் கத்தியால் கொத்தித் தருவார்கள். நாம் எதிரில் நிற்போம், எந்தத் துண்டு என்று காட்டுவோம், அதைத்தான் கொத்துவார்கள். இன்று பாதிக் கடைகளில் மின்சார மிஷின் வந்துவிட்டது. அது வேலையை மிச்சப்படுத்துகிறது, கை வலி தெரிந்த நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மிஷினுக்குள்ளே ஒரு திருகு, ஒரு பிளேடு, ஒரு சல்லடைத் தட்டு இருக்கிறது. இவற்றின் இடுக்குகளில் எப்போதும் கொஞ்சம் கறியும் கொழுப்பும் தங்கும். நேற்று ராத்திரி கழற்றிக் கழுவவில்லை என்றால் இன்று காலை முதலில் வருகிற கறி நேற்றைய கறியையும் தள்ளிக்கொண்டுதான் வரும். நான் வழக்கமாக வாங்குகிற கடையில் ஒரு நாள், தம்பி, இதைக் கழற்றிக் காட்டுங்களேன் என்று கேட்டேன். அவர் மறைக்காமல் கழற்றினார். சல்லடைத் துளைகளில் கறுத்துக் காய்ந்து போயிருந்ததைப் பார்த்து அவருக்கே முகம் மாறிவிட்டது. "யாரும் சொல்லலக்கா, வெளியே துடைச்சா போதும்னு நெனச்சேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கறி வெட்டத் தெரிந்த குடும்பம், கட்டையைச் சுரண்டி உப்புப் போட்டு வைப்பது அவர்களுக்குத் தாத்தா காலத்துப் பழக்கம். மிஷின் புதுசு, அதை எப்படிச் சுத்தம் செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மற்ற நாடுகளில் துண்டுக்கறிக்கும் அரைத்த கறிக்கும் ஒரே விதி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆட்டுக்கறி, மாட்டுக்கறியை முழுசாக வைக்க 7 டிகிரி போதும், அரைத்துவிட்டால் 2 டிகிரிக்குள் குளிர வைக்க வேண்டும். சமைத்துச் சாப்பிடும் அரைத்த கறியிலும் 10 கிராம் மாதிரியில் சால்மோனெல்லா என்ற கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. தயாரிக்கிற இடத்தில் எடுக்கும் ஐந்து மாதிரியில் எதிலுமே ஒரு கிராமுக்கு 500 ஈ.கோலியைத் தாண்டக்கூடாது. ஜெர்மனியில் அரைத்த கறியைப் பச்சையாகவே ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற பழக்கம் உண்டு, அதனாலேயே அதற்கென்று 2007 வரை தனிச் சட்டம் வைத்திருந்தார்கள், அன்று அரைத்ததை அன்றே விற்றுவிட வேண்டும் என்று. அமெரிக்காவில் சமைக்கும்போது துண்டுக்கறியின் உள்சூடு 63 டிகிரி வந்தால் போதும் என்கிறார்கள், அரைத்த கறிக்கு 71 டிகிரி கேட்கிறார்கள்.

அமெரிக்கா இதைப் பிள்ளைகளைப் பறிகொடுத்துத்தான் கற்றது. 1993இல் ஜாக் இன் த பாக்ஸ் என்ற உணவகத் தொடரில் அரைத்த மாட்டுக்கறியில் செய்த, சரியாக வேகாத ஹேம்பர்கரைச் சாப்பிட்டு 700 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். ஈ.கோலி ஓ157:ஹெச்7 என்ற வகை அது, அதன் நச்சு சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். ஆலையில் பல மாடுகளின் கறியை ஒன்றாகக் கொட்டி அரைப்பதால் ஏதோ ஒன்றில் இருந்த கிருமி ஆயிரக்கணக்கான ஹேம்பர்கர் வட்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கப்புறம்தான் 1994இல் அந்தக் கிருமி இருக்கும் அரைத்த மாட்டுக்கறி கலப்படப் பொருள், விற்கவே கூடாது என்று அந்த அரசு அறிவித்தது.

இதைப் படிக்கும்போது நம் ஊர்க் கறிக்கடைகளின் அருமை எனக்குப் புரிந்தது. நம்முடையது அன்று அறுத்த ஆடு, ஒன்றோ இரண்டோ கண் முன்னால் தொங்குகிறது, வெட்டுகிறவரின் முகம் தெரியும், நம் பெயர் அவருக்குத் தெரியும். பல ஆடுகளின் கறி கலக்க வழியே இல்லாத ஏற்பாடு இது. அதைக் கெடுப்பது முன்கூட்டியே அரைத்துக் குவித்து வைக்கிற அந்தத் தட்டுதான். அதில் எத்தனை ஆட்டுக் கறி, எத்தனை மணிக்கு அரைத்தது, முந்தின நாள் மிச்சம் சேர்ந்திருக்கிறதா, வெட்டி ஒதுக்கிய ஓரத்துண்டு எவ்வளவு என்பது வாங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. கூட்ட நேரத்தில் சீக்கிரம் தரலாம் என்றுதான் குவித்து வைக்கிறார்கள், அது புரிகிறது. ஆனாலும் அந்தப் பழக்கம் போக வேண்டும்.

வீட்டில் நாம் செய்வதையும் சொல்லியாக வேண்டும். கோலாவுக்குக் கறியைப் பச்சையாகவே தேங்காய், சோம்பு, பொட்டுக்கடலை வைத்து அரைத்து உருட்டுகிறவர்களும் உண்டு, முதலில் வேக வைத்து நீர் வற்றியதும் அரைத்து உருட்டுகிறவர்களும் உண்டு. பச்சையாகச் செய்தால் ருசி கூடும் என்று நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். உருண்டை பெரிதாக இருந்து எண்ணெயும் நன்றாகக் காய்ந்துவிட்டால் வெளியே இரண்டு நிமிஷத்தில் சிவந்துவிடும், நடுவில் சூடு போய்ச் சேர்ந்திருக்காது. நிறத்தை வைத்து வெந்ததா என்று சொல்லவே முடியாது. இப்போது நான் வேக வைத்த பிறகுதான் அரைக்கிறேன், ருசியில் குறை என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. அப்புறம் உப்பு பார்ப்பது. பச்சைக் கலவையை ஒரு விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்காத சமையல்காரி இருக்க மாட்டாள், நானும் பார்த்திருக்கிறேன். தயவு செய்து அதை விட்டுவிடுங்கள், ஒரே ஒரு உருண்டையைப் பொரித்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு உப்பு சேருங்கள். கறி பிசைந்த கையோடு தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் நறுக்குவதும் அப்படித்தான். கறி எண்ணெயில் வெந்துவிடும், பச்சடி எங்கே வேகப்போகிறது? அந்தக் காதுகுத்தில் பிள்ளைகளுக்கு எது போனது என்று யோசிக்கும்போது எனக்கு அடிக்கடி அந்தப் பச்சடிதான் நினைவுக்கு வருகிறது.

நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் சரி என்பதும் முழு உண்மை இல்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி கறியில் பெருகி ஒரு நச்சை விட்டுவிட்டால் கிருமி செத்தாலும் நச்சு கொதியில் அழியாது. இன்னொரு வகை, கிளாஸ்ட்ரிடியம், வித்தாக மாறிக் கொதியையும் தாங்கும், சமைத்த கைமாவை அண்டாவோடு ராத்திரி முழுக்க வெளியே ஆற விட்டால் திரும்ப முளைத்துப் பெருகும். மிஞ்சியதை அகலத் தட்டில் பரப்பி ஆற வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். நோன்புக் கஞ்சிக்குக் கைமா சமைத்து வைக்கிற பள்ளிவாசல்களிலும் கறிதோசைக்குக் கொத்துக்கறியை மாலையிலேயே செய்து வைக்கிற கடைகளிலும் இது முக்கியம்.

சரி, அதிகாரிகளுக்கு. 2022 மே மாதம் கேரளாவின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார், ஷிகெல்லா கிருமி என்றார்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். உடனே தமிழ்நாடு முழுக்க ஷவர்மா கடைகளில் சோதனை, பழைய கோழிக்கறி அழிப்பு, அபராதம், பத்திரிகையில் படம். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஒரு வருஷம் தடை போட்டார்கள். அவை தேவையான நடவடிக்கைகள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு பண்டத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். கிருமிக்கு ஷவர்மா என்றும் கோலா என்றும் வித்தியாசம் தெரியாது. கறி சூட்டில் நின்றால் எந்தப் பெயரில் விற்றாலும் அதே கதைதான். கொத்துக்கறிக்கும் ஒரு பிள்ளை போன பிறகுதான் சோதனை வர வேண்டுமா?

கடைகளை மூடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. ஆடு வாங்கி அறுத்து விற்கிற சின்னக் குடும்பங்கள் அவை, பத்தாயிரம் இருபதாயிரம் அபராதம் போட்டால் அடுத்த வாரம் மிஷினை உள்ளறையில் வைத்து அரைப்பார்கள், அவ்வளவுதான் நடக்கும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2011 விதிகளில் கறிக்கடைக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது, கட்டை எப்படி இருக்க வேண்டும், ஈ வராமல் எப்படித் தடுக்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாளைக் கையில் கொடுத்துவிட்டால் குழாயில் தண்ணீர் வந்துவிடாது. நான் போகிற சந்தையில் பல கடைகளுக்கு ஒரு வாளித் தண்ணீர்தான், காலையில் பிடித்தது, மதியம் வரை அதிலேயே கத்தியும் கையும் துணியும் நனைகிறது. முதலில் மாநகராட்சி சந்தைக் கடைகளுக்குக் குழாய் போட்டுக் கொடுக்கட்டும், ஐஸ் பெட்டியோ சின்னக் குளிர்பெட்டியோ வாங்கக் கடன் ஏற்பாடு செய்யட்டும். உணவுப் பாதுகாப்புத் துறையிலிருந்து ஒருவர் வந்து கடைக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து, மிஷினை எப்படிக் கழற்றுவது, சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்த பிறகு எதில் முக்கி எடுப்பது என்று செய்து காட்டட்டும். இதையெல்லாம் செய்து கொடுத்த பிறகு, குளிர்பெட்டி இல்லாமல் அரைத்த கறியைக் குவித்து வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், அதற்கு மேலும் வைத்தால் அபராதம் போடுங்கள், நானே உங்கள் பக்கம் நிற்பேன். மாதிரி எடுத்துச் சோதித்தால் அதன் முடிவை வட்டாரவாரியாகத் தமிழில் வெளியிடுங்கள், கடைப் பெயர்கூட வேண்டாம், எங்கள் வட்டாரம் எப்படி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தால் போதும்.

வாங்குகிறவர்களும் வாயைத் திறந்து கேட்க வேண்டும். தட்டில் இருப்பதைத் தொடாதீர்கள், தொடையிலோ முன்சப்பையிலோ ஒரு துண்டைக் காட்டி, இதை இப்போது அரைத்துத் தாங்க என்று சொல்லுங்கள். மிஷினில் முதலில் வருகிற ஒரு பிடியைத் தனியே எடுத்துப் போட்டுவிடச் சொல்லுங்கள், 50 ரூபாய்க் கறி போகும், போகட்டும். மிஷின் அழுக்காகத் தெரிந்தால் கட்டையில் கொத்தித் தரச் சொல்லுங்கள், பத்து நிமிஷம் கூட ஆகும். கொத்துக்கறியைக் கடைசியாக வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போங்கள், அன்றே சமையுங்கள், இல்லையென்றால் உடனே ஃப்ரீசரில் வையுங்கள். ஃப்ரீசரில் கிருமி சாகாது, தூங்கும், வெளியே எடுத்துத் திண்ணையில் வைத்து உருக விட்டால் எழுந்துகொள்ளும், அதனால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தே உருக விடுங்கள்.

மிஷினைக் கழற்றிக் காட்டிய அந்தத் தம்பி இப்போது தினமும் கடை அடைக்கும்போது கழுவிக் காய வைக்கிறார், தட்டில் குவித்து வைப்பதையும் நிறுத்திவிட்டார். தண்ணீருக்கு மட்டும் இன்னும் தெருக்குழாயில்தான் நிற்கிறார். தீபாவளி வருகிறது. வருஷத்தில் மிக அதிகமாகக் கறி விற்கும் நாள் அது, விடியற்காலை மூன்று மணிக்கே கடை திறந்துவிடுவார்கள், கொத்துக்கறி கேட்டு வரிசை நிற்கும். அதிகாரிகள் வருவதாக இருந்தால் பதினோரு மணிக்கு வராமல் அந்த நேரத்துக்கு வரட்டும், அதற்கு ஒரு மாதம் முன்னால் குழாய் வரட்டும்.

இப்படிக்கு,
சமையல் ஆர்டர் செய்யும் ஒரு வாசகி,
மதுரை.